டிரான்ஸ்ஃபர் ஆர்டருக்கும் இயக்குநர் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு பொதுத்துறை வங்கியில் இளம் அதிகாரி. பதவி உயர்வுத் தேர்வுக்குப் படிக்கிறார். "கார்ப்பரேட் கவர்னன்ஸ் என்றால் போர்டு, ஆடிட் கமிட்டி, சுயேச்சை இயக்குநர்கள். ஹெச்ஆர் என்றால் டிரான்ஸ்ஃபர், லீவு, புரமோஷன். இரண்டையும் ஏன் சேர்த்தே பேசுகிறார்கள்? எங்கள் பிராஞ்சில் இரண்டுக்கும் ஒரு தொடர்பும் தெரியவில்லையே" என்று கேட்கிறார்.

தெரியாததில் வியப்பில்லை. பாடப்புத்தகத்தில் இரண்டும் தனித்தனி அத்தியாயம், ஹெட் ஆபீசில் தனித்தனி மாடி. ஆனால் போர்டு, அதாவது இயக்குநர் குழு, போடும் தீர்மானம் எதுவும் நேராக உங்கள் கவுண்டருக்கு வந்து சேர்வதில்லை. எந்த சீட்டில், அதாவது எந்தப் பொறுப்பில், யார், எத்தனை வருடம், அவர் இல்லாத நாளில் அந்த வேலையைப் பார்ப்பது யார், எதைச் செய்தால் பாராட்டு, எதைச் செய்தால் சார்ஜ்ஷீட், இந்த வழியாகத்தான் அது கீழே இறங்குகிறது. இந்த வழி அடைபட்டிருந்தால் மேலே எவ்வளவு நல்ல கொள்கை எழுதினாலும் அது ஆண்டறிக்கையோடு நின்றுவிடும். ஒரு வங்கியின் நிர்வாகத்தை எடைபோடச் சொன்னால், நான் கவர்னன்ஸ் அறிக்கையைப் பிறகு படித்துக்கொள்வேன். முதலில் கேட்பது அந்நியச் செலாவணி, கருவூலம், பெரிய கடன் சீட்டுகளில் இருப்பவர்கள் எந்த வருடத்திலிருந்து அங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத்தான்.

ஏன் என்று புரிய பஞ்சாப் நேஷனல் வங்கி விவகாரத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். எல்லோரும் அதை வைர வியாபாரி நீரவ் மோடியின் கதையாகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது முதலில் ஒரு சீட்டின் கதை.

மும்பை கோட்டைப் பகுதியில் உள்ள பிராடி ஹவுஸ் கிளை. 2018 பிப்ரவரி 14 அன்று வங்கி பங்குச் சந்தைக்குத் தெரிவித்த தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். பின்னால் அது 13,000 கோடியைத் தாண்டியது. கருவி எல்ஓயு எனப்படும் உறுதிக் கடிதம். இறக்குமதியாளருக்காக நம் வங்கி, வெளிநாட்டில் உள்ள வேறொரு இந்திய வங்கியின் கிளைக்கு "இவர் சார்பில் பணம் கொடுங்கள், கெடு நாளில் நாங்கள் பொறுப்பு" என்று வங்கிகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு மூலம் செய்தி அனுப்பும். அந்தக் கிளை அதை நம்பி, நம் வங்கி வெளிநாட்டில் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கில் பணத்தை வரவு வைக்கும். முறைப்படி செய்தால் இதற்கு முன்பே வாடிக்கையாளருக்கு லிமிட் (கடன் வரம்பு) அனுமதித்திருக்க வேண்டும், மார்ஜின் (ஈடாக ஒரு தொகை) வாங்கியிருக்க வேண்டும், வங்கியின் மையக் கணக்கு மென்பொருளான கோர் பேங்கிங்கில் பதிவு இருக்க வேண்டும். ஆனால் ஸ்விஃப்டும் கோர் பேங்கிங்கும் அங்கே இணைக்கப்படவில்லை. ஸ்விஃப்டில் செய்தி போகும், கோர் பேங்கிங்கில் ஒன்றும் ஏறாது. வங்கி தன் தலைமேல் ஏற்றிக்கொண்ட பொறுப்பு அதன் கணக்கிலேயே தெரியாது. பழைய எல்ஓயு கெடு வரும்போது புதிய எல்ஓயு போட்டு அடைத்துக்கொண்டே போனால் போதும்.

இதுவரை தொழில்நுட்பம். இனி ஆள். குற்றம் சாட்டப்பட்ட துணை மேலாளர் அந்தக் கிளையின் அந்நியச் செலாவணிப் பிரிவில் 2010 முதல் 2017 வரை இருந்தார். 2017 மே மாதம் ஓய்வு பெற்றார். 2018 ஜனவரியில் நீரவ் மோடி நிறுவனங்களின் ஆட்கள் வழக்கம்போல் புதிய எல்ஓயு கேட்டு வந்தார்கள். புதிதாக அந்த இடத்தில் இருந்தவர், சரி, நூறு சதவீதம் ரொக்க மார்ஜின் கட்டுங்கள் என்றார். "இதற்கு முன் இப்படி எதுவும் கட்டாமல்தானே வாங்கினோம்" என்றார்கள் அவர்கள். முன்பு எப்போது என்று தேடிப் பார்த்தால் பதிவேட்டில் ஒன்றுமே இல்லை. அப்படித்தான் அவிழ்ந்தது. குற்றத்தை நிர்ணயிப்பது நீதிமன்றத்தின் வேலை, அதற்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது இதை மட்டும்: இன்டர்னல் ஆடிட், கன்கரண்ட் ஆடிட், ஸ்டாட்யூட்டரி ஆடிட், ரிசர்வ் வங்கி ஆய்வு எல்லாம் நடந்துகொண்டிருந்த ஏழு வருடத்தில் வெளியே வராத விஷயம், சீட்டில் ஆள் மாறிய சில மாதங்களில் வந்துவிட்டது. ஆள் மாறியதற்குக் காரணமும் யாருடைய கண்காணிப்பும் அல்ல. ஓய்வு வயது வந்தது, ஓய்வு பெற்றார், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு மேல் ஓர் அதிகாரி முக்கியமான சீட்டில் இருக்கக் கூடாது என்பது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் பழைய அறிவுரை. பிறகு ஏன் ஏழு வருடம்? இங்கேதான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

எந்த வங்கியிலும் நடக்கிற ஒரு காட்சியைச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வரும். கிளை மேலாளர் ரீஜனல் ஆபீசுக்கு போன் போடுவார். "சார், இவரை ரிலீவ் பண்ணினால் ஃபாரெக்ஸ் படுத்துவிடும். மாற்று ஆள் வரட்டும், பார்க்கலாம்." மாற்று ஆள் வருவார். அவருக்கு அந்த வேலை தெரியாது, கற்றுக்கொடுக்க நேரமும் இருக்காது. மார்ச் முடியட்டும் என்பார்கள். மார்ச் முடிந்தால் ஜூன். ஆர்டர் ஃபைலில் இருக்கும், ஆள் சீட்டில் இருப்பார். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆள் பற்றாக்குறைதான். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 2000-01 விருப்ப ஓய்வுத் திட்டத்தில் பொதுத்துறை வங்கிகளிலிருந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் வெளியேறினார்கள். அப்புறம் பல வருடம் புதிதாக ஆள் எடுப்பது பெயரளவுக்குத்தான். மீண்டும் பெருமளவில் எடுக்கத் தொடங்கியபோது ஒரு பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்கள், மறுபக்கம் இருபதுகளில் இருப்பவர்கள், நடுவில் ஒரு தலைமுறையே காணோம். 2010இல் கண்டேல்வால் குழு பொதுத்துறை வங்கிகளின் மனிதவளப் பிரச்சினைகளைப் பற்றி அறிக்கை கொடுத்தபோது, மேல்மட்ட அதிகாரிகள் கூட்டம் கூட்டமாக ஓய்வு பெறப் போவதையும் அவர்கள் இடத்துக்கு ஆள் தயாராக இல்லாததையும் எச்சரித்தது. நிபுணத்துவம் நாலு பேரிடம் மட்டும் இருந்தால், அந்த நாலு பேரை யாரும் அசைக்க மாட்டார்கள். அசைக்க முடியாத ஆள் இருக்கும் சீட்டில் கட்டுப்பாடு என்பது காகிதத்தில்தான்.

பிராடி ஹவுஸுக்குப் பிறகு நடந்ததும் கவனிக்க வேண்டியதே. ஊழல் கண்காணிப்பு ஆணையம் 2018 பிப்ரவரியிலேயே, மூன்று வருடம் முடித்த அதிகாரிகளையும் ஐந்து வருடம் முடித்த கிளார்க்குகளையும் மாற்றச் சொன்னது. மார்ச் 13 அன்று ரிசர்வ் வங்கி எல்ஓயு வழங்குவதையே நிறுத்தியது. ஸ்விஃப்டைக் கோர் பேங்கிங்கோடு இணைக்கக் கெடு வைத்தது. 2019 ஜனவரியில் அந்த வங்கியின் இரண்டு செயல் இயக்குநர்களை அரசு பதவியிலிருந்து நீக்கியது. ஸ்விஃப்ட் பற்றி ரிசர்வ் வங்கி 2016 முதலே எச்சரித்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்பது அவர்கள்மீதான புகாரின் மையம். கீழே இருந்த ஒரு சீட்டுக்கு மேலே பதில் சொல்ல வேண்டி வந்தது. அது சரி. ஆனால் அந்த ஒட்டுமொத்த டிரான்ஸ்ஃபரை நான் பெரிதாக மெச்ச மாட்டேன். கிராமத்துக் கிளையில் பாஸ்புக் பிரிண்ட் பண்ணிக்கொண்டிருந்தவரை நானூறு கிலோமீட்டர் தள்ளிப் போட்டதால் எந்த மோசடி நிற்கும்? எந்தச் சீட்டு ஆபத்தானது என்று போர்டு அளவில் வரையறுத்து, அந்தச் சீட்டுக்கு இரண்டாவது ஆளையும் மூன்றாவது ஆளையும் பழக்கி வைத்தால்தான் சுழற்சி நடக்கும். பயிற்சிக்குப் பணம் ஒதுக்காமல் டிரான்ஸ்ஃபர் பாலிசி மட்டும் வைத்திருந்தால், ஒவ்வொரு முறையும் "மாற்று ஆள் வரட்டும்" என்றுதான் முடியும்.

கட்டாய விடுப்பு இதன் தம்பி. 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக்கியது. முக்கியமான பொறுப்பில் இருப்பவரை வருடத்துக்கு ஒருமுறை, குறைந்தது 10 வேலை நாட்கள் ஒரே மூச்சில், முன்கூட்டிச் சொல்லாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்த நாட்களில் அவருக்கு அலுவலக மின்னஞ்சல் தவிர வேறு எந்த சிஸ்டமும் திறக்கக் கூடாது. எந்தெந்தப் பொறுப்புகள் இதில் வரும் என்பதை போர்டு ஒப்புதல் பெற்ற கொள்கை சொல்ல வேண்டும். ஹெச்ஆர் லீவு ரிஜிஸ்டரும் போர்டு தீர்மானமும் ஒரே தாளில் வருவது இங்கேதான், உங்கள் தேர்வில் எழுத இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஏன் பத்து நாள், ஏன் சொல்லாமல்? இரண்டு நாள் லீவு என்றால் சமாளித்துவிடலாம். வர வேண்டிய ரெக்கன்சிலியேஷனை (கணக்கு ஒப்பிடலை) திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். பத்து வேலை நாளில், எதில் சேர்ப்பது என்று முடிவாகாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் ஏதாவது ஒன்று முதிர்ந்து நிற்கும், ஏதாவது ஒரு வாடிக்கையாளர் "அவர் இல்லையா? அவரிடம்தான் கொடுத்திருக்கிறேன்" என்று வந்து நிற்பார். ஆய்வுக்குப் போகிறவர்கள் காதைத் தீட்டிக்கொள்வது இந்த வாக்கியத்துக்குத்தான். எதைக் கொடுத்தார், ரசீது எங்கே என்று இழுத்தால் சில சமயம் ஒன்றும் இருக்காது, சில சமயம் டெபாசிட் ரசீதே போலியாக இருக்கும். வருடக்கணக்கில் லீவே எடுக்காத ஊழியருக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுக்கும் பழக்கம் நம் ஊரில் உண்டு. கொடுக்கட்டும். கொடுத்த கையோடு அவரைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் கிளம்பாது, மனிதர் நல்லவர், வேலை வெறி. அவருக்கும் அது நல்லதுதான்.

நடைமுறையில் இந்த விதி எப்படி நீர்த்துப்போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "அடுத்த வாரம் உங்களை மேண்டேட்டரி லீவில் போடப்போகிறேன், ஊருக்கு டிக்கெட் போட்டுக்கோங்க" என்று மேலாளர் அன்போடு சொல்வார். இல்லையென்றால், அவரே கேட்ட லீவையே கட்டாய லீவு என்று பதிந்துவிடுவார்கள். போர்டுக்குப் போகும் அறிக்கையில் நூறு சதவீதம் இணக்கம் என்று இருக்கும். கவர்னன்ஸ் தோற்பது இந்த மாதிரி சின்ன அன்புகளில்தான்.

அடுத்து சம்பளம். இது தனியார் வங்கிக்கு அதிகம் பொருந்தும். 2019 நவம்பரில் ரிசர்வ் வங்கி தனியார் வங்கிகளுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் ஊதிய விதிகளைத் திருத்தியது. தலைமை நிர்வாகி, முழுநேர இயக்குநர்கள், பெரிய ரிஸ்க் எடுக்கும் பொறுப்பில் உள்ளவர்கள் ஆகியோருக்கு மொத்த ஊதியத்தில் பாதியாவது செயல்திறனோடு மாறக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த மாறும் பகுதி நிலையான சம்பளத்தைப்போல் மூன்று மடங்கைத் தாண்டக் கூடாது. அதில் குறைந்தது 60 சதவீதத்தை மூன்று வருடத்துக்குக் குறையாமல் தள்ளிவைத்துக் கொடுக்க வேண்டும். பின்னால் குட்டு உடைந்தால் கொடுக்காமல் நிறுத்தவும், கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் விதி இருக்க வேண்டும். காரணம் எளிது. கடன் கொடுத்த வருடமே லாபம் தெரியும், போனஸ் வரும். அந்தக் கடன் வாராக்கடனாக மாற மூன்று நான்கு வருடம் ஆகும். அதற்குள் ஆள் வேறு வங்கிக்குப் போய்விட்டிருப்பார்.

திரும்ப வாங்குவது வெறும் பேச்சில்லை என்று ஐசிஐசிஐ வங்கி விவகாரத்தில் தெரிந்தது. 2018 மார்ச்சில் அதன் தலைமை நிர்வாகி சந்தா கோச்சர்மீது முழு நம்பிக்கை இருக்கிறது என்று அறிக்கை விட்ட அதே போர்டு, நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா விசாரணை அறிக்கை வந்ததும் 2019 ஜனவரியில் அவர் விலகலைத் தகுந்த காரணத்தோடு செய்த பணிநீக்கமாகக் கருதப்போவதாகச் சொன்னது. 2009 ஏப்ரல் முதல் 2018 மார்ச் வரை கொடுத்த போனஸைத் திரும்பப் பெறுவதாகவும் முடிவெடுத்தது. விசாரிக்காமலே அந்த முதல் அறிக்கையை வெளியிட்டது ஏன் என்ற கேள்விக்கு இன்றுவரை திருப்தியான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

மேல்மட்டத்தைக் கட்டிப்போட்டால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ. ஒரு குடும்பத்துக்கு எட்டுத் திட்டங்கள் விற்க வேண்டும் என்ற இலக்கு. எட்ட முடியாத ஊழியர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டபோது சுமார் 20 லட்சம் கணக்குகள் என்றார்கள், மறு ஆய்வில் 35 லட்சம் ஆனது. அதற்குள் 5,300 பேரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். வருடாவருடம் ஆயிரம் பேரை ஒரே குற்றத்துக்கு அனுப்புகிறோமே, ஒருவேளை இலக்கே கோணலோ என்று ஹெச்ஆர் அறிக்கையைப் பார்த்து போர்டு கேட்டிருந்தால் போதும். நம் ஊர் கிளைகளில் கடனோடு இன்சூரன்ஸை ஒட்டி விற்பதைப் பார்க்கும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். சில தனியார் வங்கிகளில் வருடத்துக்குச் சுமார் நான்கில் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார் என்று ரிசர்வ் வங்கியின் 2023-24 அறிக்கையே கவலைப்பட்டது. அந்த விலகல் விகிதத்தை ஹெச்ஆர் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கிற போர்டு, அதில் இலக்கு நெருக்கடியின் சத்தத்தைக் கேட்பதில்லை.

பொதுத்துறையில் நோய் வேறு. அங்கே அதிகச் சம்பளத்துக்காக யாரும் கண்ணை மூடிக் கடன் கொடுப்பதில்லை. ஊதியம் வங்கி நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் போடும் இருதரப்பு ஒப்பந்தத்தில் முடிவாகிறது. 2020 ஒப்பந்தத்தில் வந்த ஊக்கத்தொகைகூட, வங்கியின் செயல்பாட்டு லாபம் எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பொறுத்து எல்லோருக்கும் ஐந்து நாள், பத்து நாள், பதினைந்து நாள் சம்பளம் என்றுதான் அப்போது இருந்தது. அங்கே உள்ளது பயம். கடன் கெட்டால் எந்த ஊழியர் பொறுப்பு என்று பார்க்கும் ஸ்டாஃப் அக்கவுண்டபிலிட்டி விசாரணை, கையெழுத்துப் போட்டவர் ஓய்வு பெறும் தறுவாயில் சார்ஜ்ஷீட், பலன்கள் நிறுத்திவைப்பு. அதனால் நல்ல கடனையும் மேலே தள்ளிவிடுவது பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. நல்லெண்ணத்தில் எடுத்த முடிவையும் கள்ளத்தனத்தையும் பிரித்துப் பார்க்க, 50 கோடி ரூபாய் வரையிலான கணக்குகளுக்கு 2022 ஏப்ரல் முதல் ஒரே சீரான நடைமுறை வந்திருக்கிறது. குறிப்பிட்ட மாதங்களுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்பதே பெரிய நிம்மதி. முன்பெல்லாம் ஃபைல் தூங்கி, ஓய்வுக்கு முந்தின வாரம் எழுந்திருக்கும்.

இன்னொன்று, இதைப் பாடப்புத்தகம் சொல்லாது. உங்கள் வங்கியில் இன்ஸ்பெக்ஷனுக்கும் கம்ப்ளையன்ஸுக்கும் யாரைப் போடுகிறார்கள்? பிசினஸ் கொண்டுவராதவர், மேலதிகாரியோடு ஒத்துப்போகாதவர், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருப்பவர் என்றால், போர்டின் ஆடிட் கமிட்டிக்கு வரும் அறிக்கையின் தரம் அதற்குத் தக்கபடிதான் இருக்கும். கிளையில் ஓட்டை கண்டுபிடித்து எழுதுகிறவர், அடுத்த வருடம் அந்த ரீஜனல் மேனேஜரின் கீழேயே வேலைக்குப் போக வேண்டியிருந்தால் எவ்வளவு எழுதுவார்? ரிசர்வ் வங்கிக்கு இது தெரியும். அதனால்தான் தலைமை இணக்க அதிகாரிக்கு 2020 செப்டம்பர் சுற்றறிக்கையில் குறைந்தபட்சம் மூன்று வருடப் பதவிக்காலம் வைத்தது, இடையில் மாற்றுவதென்றால் போர்டு ஒப்புதல் வேண்டும் என்றது, பிசினஸ் பொறுப்பு எதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்றது. இன்டர்னல் ஆடிட் தலைவருக்கும் 2021 ஜனவரியில் இதே போக்கில் விதிகள் வந்தன. கிளையில் டிக் அடிக்கிற சாதாரண இன்ஸ்பெக்டருக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் இல்லை.

சரி, போர்டுக்கே வருவோம். அங்கேயும் இது ஆள் பிரச்சினைதான். கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி நம் கண்முன்னே போனது. 2019 செப்டம்பரில், நலிந்த வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதிக்கும் உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் வந்தது. இந்தியாபுல்ஸ் வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணைக்கும் திட்டத்தை ரிசர்வ் வங்கி ஏற்கவில்லை. 2020 செப்டம்பர் ஆண்டுக் கூட்டத்தில் பங்குதாரர்களே இடைக்கால நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு பேரை வாக்களித்து வெளியேற்றினார்கள். நவம்பர் 17 அன்று தடை உத்தரவு, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது. 27ஆம் தேதி டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. வைப்புத்தொகை தப்பித்தது, பங்குகளின் மதிப்பு பூஜ்யம். சிறு வியாபாரிக்கும் நெசவு, போக்குவரத்துத் தொழிலுக்கும் கடன் கொடுத்துப் பழகிய அதிகாரிகளைக் கொண்ட வங்கி, பெரிய கார்ப்பரேட் கடனில் இறங்கியதுதான் சறுக்கலின் ஆரம்பம் என்பது என் கணிப்பு. அந்தக் கடனை எடைபோடும் ஆட்கள் உள்ளே இருக்கிறார்களா என்று கேட்க வேண்டியது போர்டின் வேலை.

பொதுத்துறை வங்கிகளின் போர்டில் ஊழியருக்கே ஓர் இடம் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா? 1970 வங்கி தேசியமயமாக்கல் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவுப்படி ஊழியர் தரப்பில் ஒருவர், அதிகாரிகள் தரப்பில் ஒருவர் இயக்குநராக இருக்க வேண்டும். 2014க்குப் பிறகு பல வருடங்களாக இந்த இடங்களைப் பெரும்பாலும் காலியாகவே வைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் சேர்த்துக் கேட்டும் பார்த்துவிட்டன. அந்த இயக்குநர்கள் எல்லோரும் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். போர்டு கூட்டத்தில் தங்கள் ஆட்களின் டிரான்ஸ்ஃபரை மட்டும் பேசிவிட்டு வந்தவர்களும் உண்டு. ஆனாலும் கிளையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிந்த ஒருவர் அந்த மேஜையில் இருந்தால், "ஸ்விஃப்ட் பாஸ்வேர்டை மூன்று பேர் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள்" என்று பிரசன்டேஷனில் வரும்போது சிரிக்கவாவது ஆள் இருந்திருக்கும்.

உங்கள் அளவில் செய்யக்கூடியவை சில உண்டு. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், மேலாளரே "அவசரம்ப்பா, உன் ஐடியில் ஒரு என்ட்ரி" என்று கேட்டாலும். அடுத்த முறை உங்களை வேறு சீட்டுக்கு மாற்றும்போது, சார்ஜ் ஒப்படைப்புப் பட்டியலைக் கையெழுத்துக்கு முன் ஒருமுறை கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சஸ்பென்ஸில் ஆறு மாதத்துக்கு மேல் நிற்கும் ஒவ்வொரு தொகைக்கும் பக்கத்தில் காரணம் எழுதச் சொல்லுங்கள். முன்பு இருந்தவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.